கிடங்கின் நெற்றி
கேப் டவுன், 1768

ஆயர் மாளிகைக்குப் படிக்கட்டு வரைந்தவராம் வைன்ஹோல்ட்.
ஆயர் செத்தார்.
அடுத்தவருக்கு வளைவு என்றால் ஆகாது.
கடன், கப்பல், கம்பெனிச் சிப்பாய் உடுப்பு.
இங்கே வந்தும் ஏழு கும்மட்டம் வரைந்து நீட்டினார்;
தென்கிழக்குக் காற்றைக் காட்டிச் சிரித்தார்கள்.
கடைசியில் கிடைத்தது
சாராயக் கிடங்கு ஒன்றின் நெற்றி.
வண்டிமாடுகூட நிமிர்ந்து பாராத இடம்.

சுதை பூச நான்.
தூத்துக்குடியில் எனக்கொரு பேர் இருந்தது,
இங்கே பிப்ரவரி.
கிளிஞ்சல் சுண்ணாம்பு மட்டும் அதே நாற்றம்.

இடப்பக்கச் சுருளை
'இ' என்று இழைத்தேன்.
இசக்கியின் இ. தெரிந்த ஒரே எழுத்து.
தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார், இருமினார்:
"வலப்பக்கமும் இதே. திருப்பிப் போடு."

திருப்பினால் அது எழுத்தில்லை, ஐயா.

போட்டேன்.