மாடிக்கூலி

தரைத்தளம் முப்பத்தைந்து.
அதற்கு மேலே மாடிக்கு ஐந்து.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
யாரிடம் கேட்டாலும் இதுதான் ரேட்டு.
கேட் மூடிக்கிடந்தால்
கூட்ஸ் வண்டி கடக்கும்வரை
பன்னிரண்டு கேன்களோடு வெயிலில் நிற்பதற்குத்
தனியாகக் காசு கிடையாது.

சி பிளாக், மூன்றாம் மாடி, டில்லிராணி அக்கா.
கதவைத் திறந்ததும்
"இது எங்கேருந்து வருது?"
செங்குன்றம் பக்கம் என்பார் ஓனர்.
நானும் செங்குன்றம் பக்கம் என்பேன்.
நான் பார்த்ததெல்லாம்
தகர ஷெட்டுக்குள் ஒரு நீலப் பைப்பு,
வெள்ளை மூடி, மூடிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை,
உறையைச் சுருக்கச் சூடாக ஊதும் மெஷின்,
அதைப் பிடித்தபடி தூங்கிவிழும் ஒடிசா பையன்.
பைப்புக்கு அந்தப் பக்கம் நான் போனதில்லை.

அக்கா விடமாட்டாள்.
"கொழாயில வர்றதும் செங்குன்றம் ஏரிதானே.
ஒரே வயித்துப் புள்ளைங்க.
ஒருத்தி மூடி போட்டுக்கினு மாடியேறி வர்றா,
ஒருத்தி மண்ணுக்குள்ள தவழ்ந்து வர்றா.
மூடிக்கா அம்பது ரூபா?"
கேட்டுக்கொண்டே
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஐம்பதை எண்ணிக் கொடுப்பாள்.

எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து
டம்ளரில் தண்ணீர் தருவாள். கேனிலிருந்து அல்ல.
காலை நாலரைக்கு அடிபம்பில் அடித்து,
துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்தது.
இருபது லிட்டரைத் தோளில் ஏற்றிவந்தவன் தொண்டையில்
லேசாகத் துரு இறங்கும்.
குறையாகச் சொல்லவில்லை.
கேன் ஸ்டூலின்மேல் இருக்கும்
துண்டு போர்த்திக்கொண்டு.
அது மகளின் கைக்குழந்தைக்கு,
விருந்தாளிக்கு,
மாத்திரை போட.

கார்த்திகையில் ஒரு வாரம்
குழாயில் டீ நிறத்தில் வந்தது.
முதல் குடத்தைக் கொட்டு, இரண்டாவதை மோந்து பார்,
மூன்றாவதைப் பிடி என்று பழகிய பெண்கள்
ஏழாவது குடத்தையும் சாக்கடையில் கவிழ்த்தார்கள்.
தரைத்தளத்துக்கே கேன் ஐம்பது ஆனது.
ஓனர் புது போன் வாங்கினார்.
எனக்கு முட்டி வீங்கியது.

அந்த வாரம்தான் வழுக்கியது.
இ பிளாக், இரண்டாவது திருப்பம்.
கேன் என்னை முந்திக்கொண்டு
படிப்படியாகக் குதித்துப்போய்
கடைசிப் படியில் பிளந்தது.
யாருடைய செருப்போ மிதந்தது.
பூனை ஒன்று சலித்துக்கொண்டு எழுந்து நகர்ந்தது.
மூடி மட்டும் சீல் உடையாமல்
அப்படியே கழுத்தில்.
கீழே மோட்டார் பக்கம் உடைந்த குழாயிலிருந்து
முன்பே ஓர் ஓடை போய்க்கொண்டிருந்தது.
இதுவும் அதில் சேர்ந்துகொண்டது.
படியில் குந்திப் பார்த்தேன்,
எது ஐம்பது, எது சும்மா என்று.
மேலேயிருந்து மரியதாஸ் அண்ணன்
"யோவ், என் கேனு இன்னா ஆச்சு?"
கேனுக்கு நூற்றைம்பது பிடித்தார் ஓனர்.
உள்ளே இருந்ததற்குத் தனியாக ஐம்பது.

அதுவரை ஒரு கேன்கூட நான் வாங்கியதில்லை.

தை மாதம் சின்னவளுக்குக் கண் மஞ்சளானது.
ஸ்டான்லியில் வரிசை, சீட்டு, மறுபடி வரிசை.
டாக்டரம்மா நிமிராமலே கேட்டார்
"என்ன தண்ணி குடிக்கிறீங்க?"
ஹேமாவதி என்னைப் பார்த்தாள்.
வலது தோளில் கேன் தேய்த்துத் தேய்த்து
சட்டை சல்லடையாகியிருந்தது.
கொழாத் தண்ணிதான் என்றேன்.
"கொதிக்க வெச்சுத்தான்" என்றாள் அவள்.
கேஸ் தீர்ந்து
எட்டு நாள் ஆகியிருந்தது.

இப்போது வாரத்துக்கு இரண்டு எடுத்துப்போகிறேன்.
ஓனர் எனக்கு முப்பதுக்குத் தருகிறார்.
முதல் நாள் ஸ்டூல் தேடிப் போட்டாள் ஹேமாவதி.
துண்டும் எடுத்துவந்தாள்.
"எங்கேருந்து வருது?" என்றாள்.
செங்குன்றம் பக்கம் என்றேன்.
சின்னவள் மூடியைப் பிடுங்கிக்கொண்டு
விளையாடப் போய்விட்டாள்.
எங்கள் வீடு முதல் மாடி.
அந்த ஐந்தை நான் யாரிடம் கேட்பது?