அளவுப் புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று

செக்கானூரணி தாண்டி மேற்கே மூன்றாவது மைல்.
ஊரார் பட்டாளக் கொட்டடி என்கிறார்கள்.
பதிவேட்டில் 'பழைய கட்டடம், ஓடு வேய்ந்தது'.
இடிப்பதற்கு மதிப்பீடு போட வந்திருக்கிறோம்:
நாடாவின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை கட்டமுத்துவிடம்.

நீளம் நூற்றுப் பன்னிரண்டு அடி.
அகலம் இருபத்துநாலு.
சுவர்க் கனம் இரண்டே கால்.
சித்திரை வெயில் வாசலோடு நின்றுவிடுகிறது.
வெள்ளைத்தோல் வெந்துபோகாமல் இருக்க
அப்படிக் கட்டினார்கள்.
இருந்தும் பின்னால் கருவேலங்காட்டில் பதினோரு கல்லறை,
பதினொன்றிலும் ஒரே ஜூன் மாதம்.
மூத்தவனுக்கு இருபத்தாறு வயது.
அவன் பெயர்மேல் ஏறி
ஓணான் ஒன்று தண்டால் எடுக்கிறது.

வடக்குச் சுவரில்
துப்பாக்கி சாத்திய மரச்சட்டம், நாற்பது பள்ளம்.
தேக்கு. ஏலத்தில் நல்ல விலை போகும்.

பட்டாளம் போனபின்னும் சும்மா கிடக்கவில்லை இது.
பொழுதடையும் முன்னே
பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்களாம்
சுற்றுப்பட்டு எட்டு ஊர் ஆம்பிளைகள்.
ரேகை வைத்து,
பேர் கூப்பிட்டால் 'இருக்கேன்' சொல்லி,
விடியும்வரை இங்கேயே படுக்க வேண்டும்.
செய்த குற்றம், அந்தச் சாதியில் பிறந்தது.
தாலி கட்டிய ராத்திரியும்
ஒய்யணன் இங்கேதான் தூங்கினான் என்கிறார் கட்டமுத்து,
'தூங்கினான்' என்பதைக் கொஞ்சம் மென்று.
யார் ஒய்யணன் என்றேன்.
"நாடாவ இழுத்துப் பிடிங்க மேடம், தொய்யுது."

அப்புறம் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.
குடும்பத்துக்கு ஒரு சேலை மறைப்பு;
கயிறு கட்டிய ஆணிகள் துருப்பிடித்து நிற்கின்றன.
அப்புறம் நெல், அப்புறம் யூரியா,
ஒரு தேர்தலுக்கு வாக்குப்பெட்டி.

தெற்குச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தில்
நீலக் கறை.
முதலில் ஈரக்கசிவு என்று நினைத்தேன்.
விரல்கள். மை துடைத்த பெருவிரல்கள்,
ஒன்றின்மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில்,
படுத்திருப்பவன் கை எட்டும் உயரத்தில்.

"இதையும் அளக்கணுமா?"

அளந்தோம். பதினோரு அடி, ஒன்றரை அடி.
எழுதத்தான் கட்டம் இல்லை.
கதவு சன்னல்களுக்கு விட வேண்டிய
'கழிவு' பத்தி மட்டும் காலியாக இருந்தது.
அதில் எழுதினேன்: கழிக்கக் கூடாது.
மேலதிகாரி சிவப்பு மையில் கேள்விக்குறி போடுவார். போடட்டும்.

ஓட்டுப் பிளவில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது.
கிழக்கு அறை இன்னும் பாக்கி.
கட்டமுத்து நாடாவைச் சுற்றத் தொடங்கினார்.
"மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம்.
பொழுதடைஞ்சா
நாங்க இங்க இருக்கிறதில்ல."