பல்கனியில் ஒருவர்

கரையேறியதும் முதலில் தூசிமூடி.
ஊதி, துடைத்து, காய்ந்ததா என்று விரலால் பார்த்து
இறுக்கிய பிறகே றெகுலேட்டரை வாளிக்குள் இறக்கு.
ஊறும்போது நடுப்பொத்தானை அழுத்தாதே.
தண்ணீர் உள்ளே போய்விடும்,
பிறகு ஒருநாள் இருபது மீற்றர் ஆழத்தில்
துரு உனக்குக் கணக்குச் சொல்லும்.

இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொள்வது.
வெள்ளவத்தை, நாலாம் மாடி.
குழந்தை குளிப்பாட்டும் நீலத் தொட்டி ஒன்று.
குழந்தை இல்லை.
துடுப்புகள் கால்நீட்டிப் படுக்க அளவாய்
புறக்கோட்டையில் வேறெதுவும் அகப்படவில்லை.

றெகுலேட்டர் பழையது,
மெல்பேண் போன ஃபஸ்லியிடம் வாங்கியது.
வாய்ப்பிடியில் இடப்பக்கம் மட்டும்
ஆழமாய்ப் பல்தடம்.
சிரித்துச் சிரித்து விலை பேசிய மனுஷன்
கீழே இப்படிக் கடித்திருக்கிறான்.
வாய்ப்பிடியை மாற்றினேன்.
மூன்று மாதத்தில் புதியதிலும் இடப்பக்கம்.

முகமூடி மட்டும் புதிது.
பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து
மூக்கால் ஒருதரம் இழுத்து, கையை விடு.
விழாமல் நின்றால் அது உன்னுடையது.
நிறம் பார்த்து வாங்கியவர்கள்
அழுதவர்கள்போல் மேலே வருவார்கள்.

உடையை வெயிலில் போடக்கூடாது,
கயிற்றில் மடித்தும் கூடாது.
அகலமான கொழுவியில், தோள் நிறைய,
இரவுக் காற்றில்.

பத்தேகாலுக்குக் கதவு தட்டினார்கள்.
இந்த ஒழுங்கையில்
இரவில் தட்டப்படும் கதவுக்கு
எங்களிடம் ஒரு பழைய பயிற்சி உண்டு:
முதலில் அடையாள அட்டை,
பிறகு விளக்கு,
பிறகுதான் குரல்.

கான்ஸ்டபிள் எக்கநாயக்க.
பின்னால் சாரத்தோடு எதிர்மாடி ஜெபரத்தினம் அங்கிள்.
"ஆரோ தொங்கினமெண்டு நினைச்சன், பிள்ளை."
கடற்கரை ரயிலின் வெளிச்சம் தாண்டும்போது
கால் ஆடியதாம்.

பல்கனியில் கறுப்பு உடை
சொட்டிக்கொண்டிருந்தது.
ஆள் இல்லை என்று காட்ட
கழுத்துக்குள் கையை விட்டு ஆட்டினேன்.
அங்கிள் சிரித்தார். கான்ஸ்டபிளும்.
பிறகு அவன் கண் சிலிண்டரில் விழுந்தது,
பிறகு கத்தியில்.
அறைக்குள் வேறொரு ஆண்டு வந்து நின்றது.

சிங்களத்தில் ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
கத்தி, வலையில் சிக்கினால் அறுக்க.
முனை மழுங்கல், தொட்டுப் பாருங்கள்.
சிலிண்டரில் ஐம்பது பார் மிச்சம்,
வெறுமையாய் வைத்தால் ஈரம் புகும்.
உள்ளே என்ன?
"ஹுஸ்ம" என்றேன். மூச்சு.
ஒட்சிசனா?
இல்லை, சும்மா காற்று. கல்கிசையில் நிரப்பியது.
நீங்கள் இப்போது இழுக்கிறீர்களே, அதுதான்.

ஊர் பிபிலையாம்.
கடலில் முழங்கால்வரை இறங்கியிருக்கிறானாம்,
ஒருதரம், பள்ளிக்கூடச் சுற்றுலாவில்.
முகமூடியைக் கையில் எடுத்தான்.
பட்டி வேண்டாம் என்றேன்.
மூக்கால் இழுங்கள். கையை விடுங்கள்.

நின்றது.

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி
என் முன்னறையில் ஒரு பொலிஸ்காரன்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
கண்ணாடிக்குள் கண் விரிய
மின்விசிறியைப் பார்த்தபடி நின்றான்.
அங்கிள் எண்ணத் தொடங்கினார்.
பதினேழில் விழுந்தது.
நான் பிடித்துவிட்டேன்.

அவர்கள் போனபிறகு
கண்ணாடியின் உட்புறம் அவனுடைய ஆவி படிந்திருந்தது.
நல்ல தண்ணீரில் அலசினேன்,
வழக்கத்தைவிட ஒருதரம் கூட.
உடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.
காற்றுப் போதாது, நாறும், தெரியும்.
மிதவை அங்கியைக் கவிழ்த்தபோது
இன்னும் ஒரு கோப்பைக் கடல் இருந்தது அதற்குள்.
ஊற்றினேன்.
மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி என்று
குழாய்வழியே
அது இறங்கிப்போகும் சத்தம் கேட்டது.