ஒன்பதாவது

கானாடுகாத்தான். இரவு இரண்டரை.
வீட்டு வாடகை நாளையோடு சரி என்று
மூன்று முறை சொல்லிவிட்டுப் படுத்தார் அடைக்கப்பன்.
என் மடியில் எழுதாத ஒரு காட்சி:
வீடு விற்றுப்போனதை
கொழுந்தனிடம் மீனாள் சொல்லியாக வேண்டும்.

இயந்திரத்திடம் கேட்டேன்.
எடுத்ததும் கதை விடவில்லை. கேள்வியைப் பிரித்தது:
யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது,
கையில் என்ன இருக்கிறது,
எதை வாய்விட்டுச் சொல்லவே கூடாது.
பிறகு பன்னிரண்டு வழி.
பிறகு ஒவ்வொன்றும் ஏன் வேண்டாம் என்று
ஒரு வரி.

பத்திரம், அழுகை, பந்தியில் சண்டை.
எட்டாவதில் மழை.
(வளவுக்குள் கொட்டும் மழை
இந்த ஊருக்கு வரும் எல்லாப் படத்திலும் உண்டு.)

ஒன்பது: இரண்டாங்கட்டு அறைச் சாவியைக் கேட்கிறான்.
தொலைந்துவிட்டது என்கிறாள்.
நீக்கக் காரணம்: சாவி அவள் இடுப்பில் இருப்பது
அவனுக்கே தெரிந்துவிடும்.

தெரியட்டுமே.

தட்டி அனுப்பினேன்.
'அப்படியானால் நான் சொன்ன காரணம் தவறு' என்றது.
இல்லையப்பா, காரணம் சரி.
அதுதான் காட்சி.

விடியுமுன் காவலரை எழுப்பிக் கொத்தை வாங்கி
என் இடுப்பில் செருகி
பட்டாலையில் நடந்து பார்க்கிறேன்,
எத்தனை சாவி இருந்தால்
மறைக்க முடியாது என்று.