மாதிரி எண் பதினேழு

ஐம்பது மீட்டருக்கு ஒரு துளை.
ஆ ஹோக் இயந்திரத்தைப் பிடிக்க, நான் தண்ணீர் ஊற்ற,
வெட்டிய கரும்புத் துண்டு போல
வெளியே வருகிறது யுத்தம்.

அடியில் கருங்கல், ஒழுங்காய், கணக்காய்.
மேலே ஒரு சாண்
சிமெண்டுக்குப் பஞ்சம் வந்த கலவை:
சிப்பி, செங்கல் பொடி, ஒரு நூல் தென்னை நார்.
வெள்ளைக்காரன் போட்டதா ஜப்பான்காரன் போட்டதா என்று
நிபோங் திபால் கோப்பிக் கடையில் இன்றும் இரண்டு கட்சி.
இரண்டும் சரி,
கல் உடைத்தவன்தான் மாறவில்லை என்றான்
துளைக்குள் எட்டிப் பார்த்த ஆ ஹோக்.
சயாம் ரயிலுக்குப் போன லோரிகளில்
இடம் போதாமல் இறக்கிவிடப்பட்டவர்களாம்.
பெயர்ப் பட்டியல் கேட்டேன்.
திட்ட அலுவலகத்தில் மண் பட்டியல்தான் இருந்தது.

எங்களுக்கு முன்னால் குண்டு தேடும் கருவியோடு
ராஸ்லான் நடந்தான், மூன்று வாரம்.
குண்டு இல்லை.
துருப்பிடித்த ஆணி ஒரு வாளி, பால் டின்,
ஸ்கூட்டர் சாவிகள் ஏழு, ஒரு மாட்டு மணி.
மணிக்கு மட்டும் உரிமை கேட்டு ஆள் வந்தது;
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

இந்த ஓடுபாதையில் நான் கண்ட போக்குவரத்து
ஞாயிற்றுக்கிழமை ரிமோட் விமானங்கள்,
ராத்திரி மோட்டார் சைக்கிள் பையன்கள்,
அப்புறம் தனசீலன் சாரின் கஞ்சில் கார்.
மஞ்சள் சாயத்தில் அவர் கீறிய பெட்டிக்குள்
பின்னோக்கி நுழையத் தெரியாமல்
மூன்று முறை தோற்றவள் நான்.
அந்தப் பெட்டிகளை சர்வே வரைபடம்
'அறியப்படாத குறியீடுகள், ராணுவம்?' என்கிறது.
நான் திருத்தவில்லை.

நோட்டீஸ் வந்த அன்று
கூம்புகளை அடுக்கிக் காரில் ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"பெரிய விமானத்துக்கு ரிவர்ஸ் உண்டா?"
இல்லை சார், வண்டி வைத்துத் தள்ளுவார்கள்.
"அப்போ லைசன்ஸ் சுலபம்."

பதினேழாவது துளை.
பாசியைச் சுரண்டினால்
மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே.
கோழி.
கழுவக் கழுவ இருபுறமும் தெளிந்தன மற்றவை,
செம்பனைப் பக்கமிருந்து சதுப்புப் பக்கம்
எண்ணினேன், பதினொன்று.
அவசரமே இல்லாத நடை.
ஈரம் காயாத ஒரு சாயங்காலம்
துப்பாக்கி காவல் நின்ற தரையில்
யாரைக் கேட்டு இறங்கியது?
யார் வீட்டுக் கோழி, அதற்காக யார் கன்னம் வீங்கியது,
அன்றிரவு அது யார் தட்டில்...
என் படிவத்தில்
ஆழம், நிறம், விரிசல். மூன்றே கட்டம்.

பிறையில், ஆய்வுக்கூடத்தில்,
நொறுக்கிப் பார்த்தால்தான் எந்தக் கல்லுக்கும் மதிப்பெண்.
முதலில் இரு முனையும் அறுத்துச் சமப்படுத்த வேண்டும்.
விதிப்படி அறுத்தேன்.
விதிப்படி அது கழிவு.
கழிவைக் கைப்பையில் போட்டுக்கொள்வது பற்றி
விதி ஏதும் எழுதியிருக்கவில்லை.
மிச்சத்தை இயந்திரம் அழுத்திற்று, அழுத்திற்று,
நான் கடிகாரத்தைப் பார்க்கும்வரை தாங்கியது.
பசியோடு குழைத்தவர்கள்
நன்றாகத்தான் குழைத்திருந்தார்கள்.

இப்போது தார், பன்னிரண்டு சென்டிமீட்டர்.
வெள்ளைக் கோடு, நீல விளக்கு.
கொக்கு விரட்ட இரண்டு பேரை வேலைக்கு எடுத்தார்கள்.
முதல் விமானம் கோத்தா பாருவுக்கு, நாற்பத்திரண்டு பேரோடு.
வேலிக்கு வெளியே தனசீலன் சார்
புது மாணவியைக் காரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தாராம்.
"நேராகத்தான் போச்சு" என்றாராம்.

மாலை ஆறு ஐந்துக்கு அது பிறை மேல் திரும்பும்.
என் மேசையில் தேநீர்க் குவளை
கோழிக்கால் குழியின்மேல் லேசாய் ஆடும்.
அங்கே தாருக்கடியில் பத்து அடிகள்
இன்னும் சதுப்பை நோக்கிப் போகின்றன,
நடுவில் ஓரிடத்தில் மட்டும்
எதையோ கண்டு
தாண்டிக் குதித்தாற்போல.