கறுப்பு மையில் நிரப்பவும்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை, ஒன்பது முதல் ஒன்று வரை.
சம்பளம் கிடையாது. மீ கோரெங் உண்டு,
அதுவும் சத்தியசீலன் மறக்காமல் வாங்கி வந்தால்.

எனக்கு அப்போது வேலை இல்லை.
கையுறைத் தொழிற்சாலை ஆளைக் குறைத்தது,
குறைந்த ஆளில் நானும் ஒருத்தி.
எஸ்.பி.எம்மில் மலாய்மொழிக்கு ‘டி’.
சும்மா வீட்டில் கிடக்கிறதுக்கு
அங்கே போய் உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன்.
சேவை மனப்பான்மை என்று யாராவது சொன்னால்
இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.
அங்கே காற்றாடி ஓடியது. அதுதான் உண்மை.

வந்தவர்கள் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள்.
சிலரிடம் அதுவும் இல்லை.
செம்பனைக் குலை லாரிகள் வந்து போகும் வழியில்
லயத்து வீடுகளில் பிறந்து
பதிவதற்கு யாரும் போகாத பிறப்புகள்.

முதல் பாரத்தைக் கெடுத்தேன்.
நான் நீல மையில் எழுதியதால்
சிரம்பான் வரை போய்த் திரும்பினார் பவுனாயி.
பஸ்ஸுக்குப் பதினாறு வெள்ளி,
ஒரு நாள் கூலி வேறு.
திட்டவில்லை. அடுத்த வாரம்
ஒரு கறுப்புப் பேனாவோடு வந்து நின்றார்.

அப்புறம்தான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது:
அப்பா பெயர் மூன்று தாளில் மூன்று விதமாய் இருந்தால்
எந்த எழுத்துக்கூட்டல் தாங்கும் என்று.
சத்தியப் பிரமாணத் தாளில்
முத்திரை எங்கே விழ வேண்டும் என்று.
நான்காம் முகப்பில் இருக்கும் கக் ரொஹானிக்கு
பதினோரு மணிக்கு மேல்தான் பொறுமை வரும் என்று.
துவான் என்று தொடங்கும் கடிதம்,
பள்ளியில் வராத அந்த மலாய்,
நாற்பதாவது கடிதத்தில் கைக்கு வந்துவிட்டது.
அழுகிறவரிடம் அடுத்த கேள்வியை
எப்போது கேட்கலாம் என்பதும்.
அதற்கு யாரும் சான்றிதழ் அடிப்பதில்லை.

மார்ச்சில் கோலப்பிலாவில் ஒரு வக்கீல் அலுவலகம்.
விண்ணப்பத்தில் அனுபவம் என்றொரு கட்டம்.
கையுறை, இரண்டு வருடம் என்று எழுதிவிட்டு
பேனாவைத் தூக்கினேன்.
சம்பளம் வாங்காததை
வேலை என்று எழுதலாமா?
சத்தியசீலனுக்குப் போன் போட்டேன்.
“எழுதேன். எத்தனை பாரம்னு கணக்கும் போடு.”
கணக்கா?
ராத்திரி முழுக்க நோட்டைப் புரட்டினேன்.
நிரப்பியது இருநூற்றுப் பதினெட்டு.
நீல அட்டை கிடைத்தது பத்தொன்பது பேருக்கு.

இரண்டையும் எழுதினேன்.
திருமதி ஓங் பெரிய எண்ணைப் பாராட்டவில்லை.
“மீதியெல்லாம் என்ன ஆச்சு?” என்றார்.
சொல்லத் தொடங்கினேன்.
எது எந்த மேசையில், எந்தத் தாளுக்காக,
எத்தனை மாதமாய்.
தேநீர் ஆறியது.
அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

இப்போது இரண்டாயிரத்து நூறு, சேமநிதி தனி.
சனிக்கிழமையும் அரை நாள் அலுவலகம்,
மாடிக்கு நான் ஏறும்போது மணி மூன்று.
பாதிப் பேர் போயிருப்பார்கள்.
அவர்கள் பாரத்தில் படித்துத்தான் நான் பாஸானேன்
என்பது படியேறும்போது மட்டும் ஞாபகம் வரும்,
பதினேழு படி.

பவுனாயி இன்னும் சிவப்புதான்.
முதல் சம்பளச் சீட்டைக் காட்டு என்றார். காட்டினேன்.
தலைகீழாகப் பிடித்து, திருப்பி,
என்னிடமே நீட்டினார்:
“பேரை ஒழுங்கா அடிச்சிருக்கானா பாரு.”

பார்த்தேன்.
ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது.