அரைத் தட்டு பிந்தி

முரசுமோட்டையில் ஃபோன் திருத்துகிற கடை எனது.
பின்னறையில் இரண்டு மெத்தையை நிமிர்த்தி வைத்து
நடுவில் ஒரு மைக்.
அரிசி ஆலை ஓயும்வரை பதிவு இல்லை,
ஏழு மணிக்குப் பிறகுதான்.
மின்விசிறி போட்டால் பாட்டுக்குள் இரையும்,
போடாவிட்டால் பாடுகிறவன் அவிந்து போவான்.
அவிந்துதான் பாடினான் யதுசன்.

தம்பிக்கு ஒரு ராப்.
உரக்கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில்
பதினாறு வரி எழுதி வந்தான்.
முதல் வரி:
'உன்ர சைக்கிள் இன்னும் பொலிசில நிக்குது.'
அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று பட்டது எனக்கு.
சொல்லவில்லை.
மிச்சம் பதினைந்தையும் பாட விட்டேன்.

"புல்லாங்குழல் வேண்டாம் அண்ணை,
செத்தவீட்டில வாற ஒண்டும் வேண்டாம்.
அடி மட்டும் போதும்."

அடியை வெளியில் தேடினேன்.
கண்டாவளையில் மண் ஏற்றும் இடத்தருகே
ஒரு பின்னேரம் ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றேன்.
வெறுமையாய்த் திரும்பிய டிப்பர் பள்ளத்தில் இறங்க
பின்கதவு எழும்பி
இரும்பில் இரும்பாய் அறைந்தது.
அதை வெட்டி, ஒடுக்கி, எதிரொலி கொஞ்சம் தடவி
இரண்டாம் தட்டிலும் நாலாம் தட்டிலும் வைத்தேன்.
"என்ன சத்தம் இது?"
"தகரக் கதவு" என்றேன்.
தம்பியை அடித்த சத்தத்தின் மேல்
காலால் தாளம் போட்டுக்கொண்டு பாடினான்.

நாலாம் தரம் மூச்சு முட்டி நின்றான்.
வெளியே ஆரோ ரீலோட் கேட்டுத் தட்டினார்கள்.
நூறு ரூபாய் போட்டுவிட்டு வந்தேன்.
அந்த இடைவெளியை அப்படியே விட்டிருக்கிறேன்;
கேட்டவர்கள் அதைக் கலை என்கிறார்கள்.

கனடாவிலிருந்து ஒருவர் குரல் அனுப்பினார்:
"ஷெல் விழுற சத்தம் அப்பிடியே இருக்கு தம்பி.
வீடியோவுக்குக் காசு தாறன்,
கடைசியில ஒரு பங்கர் காட்டுங்கோ."
புதுக்குடியிருப்பில் ஒரு ரீச்சர்
தன் அக்காவை நினைத்து வகுப்பிலேயே அழுதாவாம்.
யதுசன் பதில் எழுதினான், அழித்தான், எழுதினான்:
'என்ர தம்பி சண்டை முடிஞ்சு பிறந்தவன்.
ரியூசன் முடிஞ்சு வந்தவன்.'
அதற்கும் ஒரு இதயம் வந்தது. பிறகும் ஷெல் என்றார்கள்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரன்
பாதியில் நிறுத்தி ஒரு குத்துப் பாட்டுப் போட்டான்.
பெடியள் ஆடினார்கள்.
யதுசனும் ஆடினான், சேர்ட் நனைய.
வீட்டுக்கு வரும் வழியில் சொன்னான்:
"அந்தக் கனடா ஆளும் அழத்தானே வேணும்.
அழட்டும்.
ஆனா முன்னுக்கு என்ர தம்பி நிக்கோணும்."

சார்ஜர் வாங்க அவனுடைய தாய் சிவமலர் வந்தா.
"அந்தப் பாட்டை ஒருக்காப் போடும்."
கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை.
இரண்டாம் தட்டு. நாலாம் தட்டு.
"டிப்பர்" என்றா.
கேள்வி இல்லை அது.
நான் சார்ஜரைத் துணியால் துடைத்தேன், புதுச் சார்ஜரை.
"அவனுக்குத் தெரியுமோ?"
"இல்லை அக்கா."
"சொல்லாதையும்."
வாசலில் நின்று திரும்பினா:
"வயசும் பிழை.
பதினஞ்சு இல்லை. பதினாலும் பத்து மாசமும்."

நேற்று மத்தியானம் முல்லைத்தீவு றோட்டால் ஒரு டிப்பர்.
கண்ணாடி இறக்கி, எங்கள் பாட்டு, உச்சத்தில்.
ஓட்டின பெடியன் தலையாட்டிக்கொண்டு போனான்,
அவனுக்கும் ஆரோ இருந்திருக்கலாம்.
கடைக்கு முன்னால் பள்ளம்.
பின்கதவு எழும்பி அறைந்தது,
பாட்டுக்குள் இருந்த அறைக்கு
அரைத் தட்டு பிந்தி.

கவுண்டரில் சாய்ந்திருந்த யதுசன்
விரலால் தாளம் போடுவதை நிறுத்தினான்.